பள்ளியில் பால்புதுமையினர் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு: ஒரு உரையும் ஒரு பதாகையும் போதுமா?

#1 சாக்பீஸ்

வணக்கம். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி, 6 முதல் 12 வரை, இருபாலர். பால்புதுமையினர் பிள்ளைகள், அதாவது தன்பாலீர்ப்பு (தன் பாலினத்தார் மீதே ஈர்ப்பு) உள்ள பிள்ளைகள், திருநர் (திருநங்கை, திருநம்பி) பிள்ளைகள், கூடவே நடை உடை பேச்சுக்காகக் கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் எல்லாரையும் மனதில் வைத்து, ஜூன் திறப்புக்கு முன் ஒரு திட்டம் எழுதித் தரும்படி எச்.எம். சொல்லியிருக்கிறார். இப்போதைக்குக் கையில் இருக்கும் யோசனை: இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு உரை, ஒரு உறுதிமொழி, வாசலில் ஒரு பதாகை. பணம் பெரிதாக இல்லை, ஆலோசகர் பணியிடமும் இல்லை. எதில் ஆரம்பிக்கலாம்? பொது அறிவுரை வேண்டாம், செய்முறையாகச் சொல்லுங்கள்.

#2 ரெண்டாம் பீரியட்

டீச்சர், அந்த உரையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். காலையில் மைக்கில் ‘திருநர் மாணவர்களை மதிப்போம்’ என்று சொன்னால், முதல் இடைவேளைக்குள் பள்ளி மொத்தமும் ஒன்றிரண்டு பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்திருக்கும். அதில் ஒருவன் திருநரே இல்லாமல், மெல்லிய குரல் உள்ள பையனாக இருப்பான். அடி வாங்கினால் ஓடிவர இடம் இல்லாத பள்ளியில் முதலில் பேச்சு வந்தால், அது ஆள்காட்டி வேலைதான் பார்க்கும்.

2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட ஆய்வு தமிழ்நாட்டுப் பால்புதுமையின இளையோரின் பள்ளி அனுபவங்களைப் பற்றியதுதான். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி, தள்ளு, பிடித்து இழுப்பு என்று உடல்ரீதியான தொல்லை பட்டதாகச் சொன்னவர்கள் 60 விழுக்காடு. தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் சீண்டல் 43 விழுக்காடு. பள்ளியில் புகார் சொன்னவர்கள் வெறும் 18 விழுக்காடு. சொன்னவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கிடைத்த பதில், ‘கண்டுக்காம விடு’. ஆக ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. புகார் சொல்லும் வழியையும், சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதையும் சரிசெய்துவிட்டு அப்புறம் பதாகைக்குப் போங்கள்.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன், காசு செலவில்லை. கணக்கு வகுப்பில் விடை ஒன்பது என்று வரும். கடைசி பெஞ்சில் ஒரு கனைப்பு, ரெண்டு பெஞ்ச் தள்ளி ஒரு சிரிப்பு, ஒரு பையன் தலையைக் குனிந்துகொள்வான். தமிழ்நாட்டில் எந்த ஆசிரியருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. இந்த இடத்தில் ‘யார்ரா சிரிச்சது, எதுக்குச் சிரிச்ச?’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் கேலியை உரக்க விளக்க வேண்டிவரும், வகுப்பே அந்தப் பையனைப் பார்க்கும். நீங்களும் அவனைப் பார்க்காதீர்கள். சிரிப்பு வந்த பக்கம் மட்டும் பார்த்து, ‘எண்ணை வச்சு ஆளைக் கேலி பண்றது இந்த வகுப்புல கிடையாது. அடுத்த கணக்கு’ என்று சொல்லிவிட்டுப் பலகைக்குத் திரும்பிவிட வேண்டும். பத்து நொடிக்கு மேல் போகக் கூடாது. மணி அடித்த பிறகு ஆரம்பித்தவனை மட்டும் தனியே கூப்பிடுங்கள். மறுபடி செய்தால் எழுத்தில் பதிவு.

வருகை எடுக்கும்போது எண்ணைச் சொல்லாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். 9ஆம் எண்ணில் இருக்கும் பிள்ளைக்குத் தினமும் காலையில் ஒரு தொல்லை குறையும்.

இது பலிக்க எல்லா ஆசிரியரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஆறு பேர் கண்டித்து ஏழாவது ஆள் லேசாகப் புன்னகைத்தால் போதும், பிள்ளைகள் அந்தப் புன்னகையைத்தான் சட்டமாக எடுத்துக்கொள்வார்கள்.

#3 வேப்பமரத்தடி

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இரண்டாவது வேலை, எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பது. வகுப்பறைக்குள் நடப்பது குறைவு. கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், தண்ணீர்க் குழாய், சைக்கிள் நிறுத்துமிடம், பி.டி. பீரியடுக்கு முன் உடை மாற்றும் நேரம், கடைசி மணிக்கும் பேருந்துக்கும் நடுவே உள்ள இருபது நிமிடம், இங்கெல்லாம்தான்.

செய்முறை: பள்ளி வளாகத்தை ஒரு ஏ4 தாளில் கோடாக வரைந்து நகலெடுங்கள். 7ஆம் வகுப்புக்கு மேல் எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே பீரியடில் கொடுங்கள். பயமாக இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி, நிம்மதியாக இருக்கும் இடத்தில் வட்டம். பெயர், வகுப்பு, எழுத்து எதுவும் வேண்டாம். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், எழுதச் சொன்னால் உண்மை வராது. எல்லாருக்கும் நீலப் பேனா. தாளை மடித்து ஒரு பொதுப் பையில் போடட்டும், வகுப்புத் தலைவன் வசூலிக்க வேண்டாம். எல்லாத் தாளையும் கலந்துவிட்டு எண்ணுங்கள். மூன்று நான்கு இடங்கள் தனியாகத் தெரியும். இடைவேளைக் கண்காணிப்பு முறையை அந்த இடங்களுக்கு மாற்றுங்கள். பல பள்ளிகளில் ஆசிரியர் நிற்பது மைதானத்து நடுவில், பிள்ளைகள் அடிபடுவது கழிப்பறைச் சுவருக்குப் பின்னால்.

‘எதனால் கேலி செய்கிறார்கள்’ என்று தாளில் கேட்காதீர்கள். இடம் மட்டும் போதும்.

அடுத்து, பிள்ளைகள் புகார்ச் சீட்டுப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி. அரசுப் பள்ளி என்றால் சுவரில் ஏற்கெனவே தொங்கும், பெரும்பாலும் எச்.எம். அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே. அங்கே யார் சீட்டுப் போடுவார்? எல்லாரும் எப்படியும் கடந்துபோகும், ஆனால் யாரும் நின்று கவனிக்காத இடத்துக்கு மாற்றுங்கள். நூலக வாசல் நல்லது. இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி, அதில் ஒருவர் பெண். வாரம் ஒரு நாள் திறந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் எண் போட்டு, தேதியோடு நோட்டில் ஏற்றுங்கள். முக்கியமானது, பதில். பெயரும் விவரமும் இல்லாமல் அறிவிப்புப் பலகையில் ‘சீட்டு 4: படித்தோம், திங்கள் முதல் சைக்கிள் ஸ்டாண்டில் ஆசிரியர் நிற்பார்’ என்று ஒரு வரி. சீட்டுப் போட்டால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த சீட்டு விழும்.

#4 முத்துநகர்

பெற்றோர் ஒருவராகக் கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. நீங்களே பேசி நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகாதா? கேலி தப்பு என்று பொதுவாகச் சொன்னால் பத்தாதா?

#5 ரெண்டாம் பீரியட்

நியாயமான கேள்வி சார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘ஒம்போது’, ‘பொட்டை’, ‘அலி’ எல்லாம் ஏற்கெனவே தெரியும், நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல. மேலே இதுவரை சொன்ன எதிலும் பாலுறவு பற்றி ஒரு பாடமும் இல்லை, கவனித்தீர்களா? எந்தச் சொல் கூடாது, எங்கே ஆசிரியர் நிற்பார், புகார் எப்படிப் போகும், அவ்வளவுதான்.

‘பொதுவாகச் சொன்னால் பத்தாதா’ என்பதற்கு: பத்தாது. ‘யாரையும் கேலி செய்யாதே’ என்ற விதி எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. குண்டு, கருப்பு, சாதிப் பெயர் என்று விதியில் பெயர் சொல்லி எழுதிய கேலிக்குத்தான் ஆசிரியர் எழுந்து போகிறார். எழுதாததை ‘விளையாட்டு’ என்று விட்டுவிடுகிறார். விதியில் ஒரு வரி சேருங்கள்: ‘ஆண் போல, பெண் போல நடக்கவில்லை, பேசவில்லை என்பதற்காகவோ, யாரை விரும்புகிறார் என்பதற்காகவோ பட்டப்பெயர் வைப்பது, தொடுவது, ஒதுக்குவது குற்றம்.’ இதனால் காப்பாற்றப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் வளர்ந்தபின் பால்புதுமையினராக இல்லாமலும் போகலாம். அதனால் என்ன?

#6 கருப்பு அங்கி

சட்டப் பக்கம், சுருக்கமாக. எச்.எம்.மிடம் கொண்டுபோகும் கோப்பில் இவை இருந்தால் ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்ற பேச்சு அடங்கும்.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில் கொடுத்த இடைக்கால உத்தரவு. ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு இளம்பெண்கள் வீட்டாரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கு அது. அந்த உத்தரவில் கல்வி நிலையங்களுக்கென்று தனிப் பகுதி உண்டு: பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களைப் பயன்படுத்திப் பெற்றோருக்குப் புரியவைப்பது, பாலினம் பிரிக்காத கழிப்பறை, விண்ணப்பங்களில் ஆண், பெண்ணோடு மூன்றாவது கட்டம், கல்வி ஆவணங்களில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, இவர்களை ஏற்கும் மனமுள்ள ஆலோசகர். ‘மேலிடம் சொல்லவில்லை’ என்பவருக்குக் காட்ட இதைவிட நல்ல தாள் கிடையாது.

திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019: கல்வி நிலையத்தில் பாகுபாடு கூடாது என்பது பிரிவு 3. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்பது பிரிவு 11. தனியார் பள்ளிக்கும் இது உண்டு. உங்கள் பள்ளியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஒரு பெயரை எழுதி ஒட்டுவதே முதல் வெற்றி.

எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் 2009 கூடவே நிற்கிறது. பிரிவு 17 அடியை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. பிரிவு 16 வெளியேற்றத்தைத் தடுக்கிறது. ‘டிசி வாங்கிட்டுப் போயிடுங்க, உங்களுக்கும் நல்லது’ என்று நாசூக்காகச் சொல்வதும் வெளியேற்றம்தான்.

ஒரு எச்சரிக்கை. 2019 சட்டம் திருநருக்கானது. தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைக்கு அதைக் காட்ட முடியாது. அங்கே உதவுவது உயர் நீதிமன்ற உத்தரவும், பொதுவான குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்களும், நீங்கள் எழுதும் பள்ளி விதியும். அதனால்தான் ரெண்டாம் பீரியட் சொன்ன அந்த ஒரு வரி முக்கியம்.

#7 சாக்பீஸ்

நன்றி, குறித்துக்கொண்டேன். ஒரு பிள்ளை நேரே வந்து என்னிடம் சொன்னால்? ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கலாமா? போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) இருக்கிறதே.

#8 மனசு மேசை

கொடுக்கக் கூடாது, நிபந்தனை இல்லாமல். இப்படிச் சொல்லுங்கள்: ‘என்கிட்ட சொன்னதுக்கு நன்றிம்மா. இதை நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். யாராவது உன்னைத் தொந்தரவு பண்றாங்க, உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் இன்னொருத்தர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.’ பிள்ளை மேலே பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் கொட்டிய பிறகு நிபந்தனை போட்டால் அது துரோகமாகத் தெரியும்.

கேட்கக் கூடாதவை: ‘நிச்சயமா தெரியுமா?’, ‘எப்போலருந்து?’, ‘யாரோட சேர்ந்து இப்படி?’, ‘யாராவது ஏதாவது பண்ணிட்டாங்களா, அதனாலயா?’. கேட்க வேண்டியவை மூன்று: வேறு யாருக்குத் தெரியும், வீட்டில் தெரிந்தால் என்ன நடக்கும், பள்ளியில் இப்போதே ஏதாவது மாற வேண்டுமா. மூன்றாவதற்குப் பெரும்பாலும் சின்ன பதில்தான் வரும். இடம் மாற்றி உட்கார வேண்டும், ஒரு பேருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பது போல. அதை அன்றைக்கே செய்யுங்கள்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் எண்ணம் வராது. இருக்கிறது என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி 1098, இரண்டும் இரவிலும் எடுப்பார்கள். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்.

வெளியே அனுப்பும் முன் மருத்துவரையோ ஆலோசகரையோ நீங்கள் தொலைபேசியில் சோதித்துவிடுங்கள். ‘இதை மாத்த முடியுமா சார்?’ என்று ஒரே கேள்வி. ‘முடியும், கூட்டிட்டு வாங்க’ என்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதிவிட்டது. ‘மாத்த வேண்டியது எதுவும் இல்லை, பிள்ளை என்ன கஷ்டப்படுதுன்னு பாப்போம்’ என்பவர் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

#9 கருப்பு அங்கி

போக்சோவைத் தெளிவாக்கிவிடுகிறேன், இதில்தான் ஆசிரியர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள்.

ஒரு பிள்ளை ‘எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும்’, ‘நான் பையன் இல்ல டீச்சர்’ என்று சொல்வது குற்றமும் அல்ல, குற்றத்தின் தகவலும் அல்ல. எங்கும் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆனால் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலோ, பிரிவு 19இன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் உள்ளவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை.

போக்சோவில் குழந்தை என்றால் எந்தப் பாலினமும்தான். கழிப்பறையில் நாலு பையன்கள் சேர்ந்து ஒரு பையனின் உடையை அவிழ்த்தால் அது ‘பசங்க விளையாட்டு’ அல்ல. பிரேயருக்குப் பிறகு மன்னிப்புக் கேட்க வைத்து, கைகுலுக்க வைத்து முடித்துவிடுகிறார்களே, அதுதான் மறைப்பு.

கைபேசியில் படம் சுற்றினால்: உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், திரையைப் படம் எடுக்காதீர்கள், ‘ஆதாரத்துக்கு’ என்று ஊழியர் குழுவில் போடாதீர்கள். சிறார் ஆபாசப் படத்தைச் சேமிப்பதும் பரப்புவதும் உங்களையும் உள்ளே இழுக்கும். யார் போனில், எந்தக் குழுவில், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று தாளில் எழுதி, போனை அணைத்து உறையில் போட்டு, புகாரோடு ஒப்படையுங்கள்.

#10 கூடல் அக்கா

இவ்வளவு நேரம் பேச்சு முழுக்கப் பையன்கள், திருநங்கைகள் பக்கமே போகிறது. பெண் பிள்ளைகள் கதை வேறு, அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

பெண்கள் பள்ளியில் ரெண்டு பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு திரிந்தால் யாரும் கேலி செய்வதில்லை. அதனால் பிரச்சினையே இல்லை என்று நினைக்கிறோம். பிரச்சினை ஒரே நாளில் வரும். ஜியோமெட்ரி பாக்ஸில் ஒரு கடிதம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் ரெண்டு பெயர் சேர்த்து எழுதியது. டீச்சர் அதை ஊழியர் அறையில் உரக்கப் படிப்பார், மதியத்துக்குள் ரெண்டு வீட்டுக்கும் போன் போகும். மறுநாள் ஒருத்திக்கு டிசி, இன்னொருத்தி வீட்டில் போன் பிடுங்கப்பட்டு, பள்ளி நின்று, அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அந்த ஒரு போன்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது.

ஆகவே விதி: கடிதம் கிடைத்தால் படிக்க வேண்டாம், மடித்துப் பிள்ளையிடமே கொடுங்கள். ‘வகுப்பு நேரத்துல வேண்டாம்மா’ போதும். ஆண், பெண் பிள்ளைகளுக்கு நடுவே கடிதம் போனால் உங்கள் பள்ளி என்ன செய்கிறதோ அதைவிடக் கூடுதலாக இதற்கு எதுவும் செய்யக் கூடாது.

ஏற்கெனவே வீட்டுக்குத் தெரிந்து, பிள்ளை மூன்று நாளாக வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். வருகை விசாரிக்கிற சாக்கில் வகுப்பாசிரியரே வீட்டுக்குப் போகலாம், தேர்வு, பாடப்புத்தகம் என்று காரணம் சொல்லி. பிள்ளையை நேரில் பார்க்காமல் திரும்பாதீர்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றால் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 இருக்கிறது. 1098க்குச் சொல்லுங்கள், மாவட்டச் சமூகநல அலுவலகம் நிறுத்தும். புகாரில் ‘18 ஆகவில்லை, கல்யாணம் பேசுகிறார்கள்’ என்பது மட்டும் போதும். கடிதம், காதல் எதையும் சொல்லத் தேவையில்லை. சொன்னால் வந்த அதிகாரியே வீட்டார் பக்கம் சாய்ந்துவிடுவார்.

#11 வேப்பமரத்தடி

அக்கா சொன்னதற்குப் பின்குறிப்பு. அடிபட்ட பிள்ளை வீட்டுக்கு எழுதும் கடிதத்திலும் இதே கவனம் வேண்டும்.

தவறான கடிதம்: ‘உங்கள் மகன் பெண் போல் நடந்துகொள்வதால் சக மாணவர்கள் கேலி செய்து தள்ளிவிட்டனர். அவனது நடவடிக்கைகளைச் சரிசெய்யக் கேட்டுக்கொள்கிறோம்.’

சரியான கடிதம்: ‘இன்று 10.50க்கு இடைவேளையில் இரண்டு மாணவர்கள் உங்கள் மகனைத் தள்ளியதில் வலது முழங்கையில் சிராய்ப்பு. முதலுதவி செய்தோம். தள்ளிய மாணவர்கள் மீது பள்ளி விதிப்படி நடவடிக்கை எடுக்கிறோம். உங்கள் மகன் மீது எந்தத் தவறும் இல்லை.’

முதல் கடிதம் போனால் வீட்டில் இரண்டாவது அடி. கடைசி வரியை வெட்டாதீர்கள், அதை அப்பா படிக்க வேண்டும். தள்ளிய பிள்ளையின் பெற்றோருக்கும் செயலை மட்டும்தான் சொல்ல வேண்டும். ‘எதுக்குத் தள்ளினான்’ என்று அவர்கள் கேட்டால், ‘காரணம் எதுவா இருந்தாலும் தள்ளக் கூடாது’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பாதிக்கப்பட்ட பிள்ளையை அடுத்த செக்‌ஷனுக்கு மாற்றுவது. மாற வேண்டியது அடித்தவன். 2019 சட்டத்தின் கீழ் வந்த 2020 விதிகளும் இதே திசையில்தான் பேசுகின்றன. தொல்லை கொடுப்பவர் ஆசிரியராகவே இருந்தாலும், அவர் முகத்தில் விழிக்க வேண்டிய நிலை திருநர் மாணவருக்கு வராதபடி பார்த்துக்கொள்ள ஒரு குழு வேண்டும் என்கின்றன.

#12 தாழ்ப்பாள்

கழிப்பறை பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். புதிதாகக் கட்ட வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அறை ஒன்று இருக்கும், சாய்தளத்தோடு. அதைத் திறந்து விடுங்கள். இப்போது அதற்குள் உடைந்த பெஞ்சும் தேர்தல் பெட்டி மூடியும் கிடக்கும்.

கெட்டுப்போகும் விதம் மூன்று. பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைப்பது: சாவி கேட்கும் ஒவ்வொரு முறையும் பிள்ளை தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும். கதவில் ‘திருநர்’ என்று எழுதுவது: முதல் ஆள் நுழைந்ததும் முத்திரை விழுந்துவிடும். மூன்றாவது, ‘நீ இதைத்தான் பயன்படுத்தணும்’ என்று கட்டாயப்படுத்துவது. கதவில் ‘யாரும் பயன்படுத்தலாம்’ என்று எழுதி, ஆசிரியர்களும் போய்வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு முன்னுரிமை என்ற வரியும் இருக்கட்டும்.

உள்ளே: தாழ்ப்பாள் வேலை செய்யணும், அதைத்தான் முதலில் சோதியுங்கள். கதவின் அடி இடைவெளி குனிந்து எட்டிப்பார்க்க முடியாத அளவு. மேலே காற்றுப் போக்கி, ஆனால் ஏறி எட்டிப்பார்க்கக் குழாயோ திண்டோ பக்கத்தில் இருக்கக் கூடாது. உடை மாட்ட ஒரு ஆணி. மூடியுள்ள குப்பைத்தொட்டி கட்டாயம், ஏனென்றால் மாதவிடாய் வரும் திருநம்பிப் பிள்ளையும் அங்கேதான் வருவான். நாப்கின் விநியோகத்தின்போது ‘கேர்ள்ஸ் எல்லாம் வரிசைல நில்லுங்க’ என்று கூப்பிடாமல், அந்த அறையிலேயே ஒரு பெட்டியில் கொஞ்சம் வைத்துவிட்டால் ஒரு பெரிய தலைவலி தீரும்.

போக இடமில்லாத பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காது. மதியம் தலைவலி, மாதக் கடைசியில் சிறுநீர்த் தொற்று. ‘அடிக்கடி லீவு’ என்று எழுதும் முன் இதைப் பாருங்கள்.

#13 பச்சை மை

அலுவலக எழுத்தர் வேலை தெரிந்தவன் என்ற முறையில்: வகுப்பில் கூப்பிடும் பெயருக்கு எந்தத் தாளும் தேவையில்லை. பிள்ளை கேட்கிற பெயரில் கூப்பிடலாம், பதிவேட்டில் பழைய பெயர் அப்படியே இருக்கும். ஒரு நிபந்தனை: ‘வீட்டுக்குப் போன் பண்ணும்போது எந்தப் பெயர் சொல்லணும்?’ என்று பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். இதை மறந்து யாராவது ஒருவர் புதுப் பெயரைச் சொல்லி அம்மாவிடம் பேசிவிட்டால் முடிந்தது கதை.

எழுத்தில் மாற்ற வேண்டுமென்றால் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன் முடித்துவிடப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் இழுத்தடிக்கும். 2019 சட்டப்படி 18க்குக் கீழ் இருந்தால் சான்றிதழுக்குப் பெற்றோரோ காப்பாளரோதான் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இப்போதுள்ள நடைமுறையை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். பெற்றோர் மறுத்தால் 18 வரை தாளில் ஒன்றும் செய்ய முடியாது, வகுப்பில் கூப்பிடும் பெயர்தான் மிச்சம். எமிஸில் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) ஆர்வத்தில் தன்னிச்சையாக மாற்றிவிடாதீர்கள். பாலினக் கட்டம் மாறினால் உதவித்தொகை, விலையில்லாப் பொருள் பட்டியல் என்று எங்கெங்கோ எதிரொலிக்கும், வீட்டுக்கும் தெரியும்.

பன்னிரண்டு முடித்துப் போகிறவர்களுக்குச் சொல்ல மறக்காதீர்கள்: கல்லூரியில் திருநர் மாணவர்களின் கட்டணம், விடுதிச் செலவை அரசே ஏற்கும் திட்டம் உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாதம் 1000 ரூபாயும் அவர்களுக்கு விரிவாக்கப்பட்டிருக்கிறது.

#14 விசில்

பி.டி. பீரியட். ‘பாய்ஸ் இந்தப் பக்கம், கேர்ள்ஸ் அந்தப் பக்கம்’ என்று விசில் அடிப்பதை விட்டுவிட்டு 1, 2, 3, 4 எண்ணிப் பிரியுங்கள், போட்டிக்கு அணி தேர்ந்தெடுக்கும் நாள் தவிர மற்ற நாளில் எதற்கும் குறையில்லை. தலைவர்கள் ஆள் பொறுக்கும் முறையும் வேண்டாம். கடைசியில் மிஞ்சுவது எப்போதும் அதே பிள்ளைதான். உடை மாற்றப் பூட்டிய அறை இல்லையென்றால் விளையாட்டு நாளில் வீட்டிலிருந்தே அந்த உடையில் வர விடுங்கள்.

முடி, கம்மல், நகப்பூச்சு: விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், முடிக்கு ‘கட்டிக்கொண்டால் போதும்’ என்று. மைதானத்தில் எல்லார் முன்னாலும் கத்தரிக்கோல் எடுப்பது ஒழுக்கம் கற்பிப்பதல்ல, அடிக்கு அனுமதி கொடுப்பது. கேரளத்தில் வளையன்சிறங்கரை தொடக்கப் பள்ளி எல்லாருக்கும் ஒரே முக்கால் கால்சட்டை, சட்டை என்று 2018இலேயே மாற்றியது. அதற்குச் சொன்ன காரணம் ஓடி விளையாட வசதி. அந்தக் காரணத்தோடு போனால் பெற்றோர் கூட்டத்தில் எதிர்ப்பும் குறையும்.

விடுதி இருக்கிற பள்ளி என்றால் குளியல் நேரத்தைப் பாருங்கள், திறந்த தொட்டியில் மொத்தமாகக் குளிக்கவைத்தால் வேறு எந்த ஏற்பாடும் வீண். தட்டி வைத்து நாலு மறைப்பு போதும்.

#15 முத்துநகர்

பெற்றோர் கூட்டத்தில் இதை எப்படி எடுப்பீர்கள்? எங்கள் ஊரில் ஒருவர் எழுந்து கத்தினால் கூட்டமே கலைந்துவிடும்.

#16 மனசு மேசை

தனித் தலைப்பாக எடுக்காதீர்கள் சார். ‘கேலி, அடி, கைபேசி’ என்று ஒரு கூட்டம். அதில் இருபது நிமிடம் பள்ளி விதியை வாசிக்கும்போது அந்த வரியும் வரும். கேள்வி வந்தால் பதில்: ‘உங்க பிள்ளையை யாராவது இந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா நாங்க என்ன செய்யணும்னு எதிர்பார்ப்பீங்க?’ கத்த வந்தவரும் இதற்கு ‘தடுக்கணும்’ என்றுதான் சொல்வார். பள்ளி மேலாண்மைக் குழுவில் இரண்டு அம்மாக்களிடம் முன்கூட்டியே பேசிவைத்தால் இன்னும் நல்லது, கத்துகிறவரை அவர்களே உட்காரவைத்துவிடுவார்கள்.

வெளியிலிருந்து பேச்சாளர் கூப்பிட்டால் முதலில் ஆசிரியர்களுக்குப் பேசட்டும், மாணவர்களுக்கு அடுத்த பருவத்தில். கூவாகம், அர்த்தநாரீசுவரர் என்று ஆரம்பிக்கும் பேச்சு வேண்டாம். பிள்ளைகளுக்குத் தேவை புராணம் அல்ல, பக்கத்து பெஞ்சில் இருப்பவனோடு எப்படிப் பழகுவது என்பது. என்.சி.இ.ஆர்.டி. 2021இல் திருநர் குழந்தைகள் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அதனால் ‘மேலிருந்து கையேடு வரட்டும்’ என்று காத்திருப்பதில் பயனில்லை.

#17 கூடல் அக்கா

ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. மேலே எல்லாரும் ரொம்பவே மறைத்து மறைத்துச் செய்யச் சொல்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளை ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல்லை ஒரு ஆசிரியர் வாயிலிருந்து சாதாரணமாகக் கேட்கவே இல்லையென்றால், ‘இது பேசக் கூடாத விஷயம், நான் இருக்கக் கூடாத ஆள்’ என்றுதானே புரிந்துகொள்ளும்? 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 377ஆம் பிரிவை, வயதுவந்தவர்கள் இசைவோடு கொள்ளும் தன்பாலுறவு குற்றமாகாதபடி திருத்திப் படித்தது. அடிப்படை உரிமைகள் பாடத்தில் அதை ஒரு வரியாகச் சொல்லலாமே.

#18 ரெண்டாம் பீரியட்

அக்கா சொல்வது சரி, நான் எதிர்த்தது மைக்கை மட்டும்தான். பாடத்தின் நடுவில், எந்தப் பிள்ளையையும் பார்க்காமல், மற்ற தீர்ப்புகளோடு ஒன்றாக வந்தால் நல்லது. 11, 12க்கு இது பொருந்தும். கண்காணிப்பு முறையும் பெட்டியும் ஒரு பருவம் ஓடிய பிறகு என்றால் இன்னும் பொருந்தும்.

#19 சாக்பீஸ்

கடைசியாக ஒன்று. மே மாதத்தில் எனக்கு மாறுதல் வரலாம். என்னிடம் சொன்ன பிள்ளைகள் பற்றிய குறிப்பை அடுத்து வருபவரிடம் கொடுக்கவா?

#20 மனசு மேசை

கொடுக்காதீர்கள். முதலில், பெயரோடு குறிப்பே எழுதாதீர்கள். சம்பவ நோட்டு வேறு, அது பள்ளியின் சொத்து, அதில் தேதி, இடம், என்ன நடந்தது, என்ன நடவடிக்கை என்று மட்டும் இருக்கும், அது அங்கேயே இருக்கட்டும். யார் உங்களிடம் என்ன சொன்னார் என்பது பிள்ளையின் சொத்து. மாறுதல் உறுதியானதும் ஒவ்வொருவரிடமும் தனியே சொல்லுங்கள்: ‘நான் போறேன். இங்க இருக்கிறவங்கள்ல யார்கிட்ட நீ பேசுவ?’ பெயர் சொன்னால், பிள்ளையை வைத்துக்கொண்டே அந்த ஆசிரியரிடம் ‘இவ ஏதாவது பேசணும்னா உங்ககிட்ட வருவா டீச்சர்’ என்று மட்டும் அறிமுகப்படுத்துங்கள். என்ன விஷயம் என்று அந்த ஆசிரியர் கேட்டால், ‘அவளே சொல்வா’.

யார் பெயரும் சொல்லவில்லையென்றால் 1098, 14416 இரண்டையும் அவளது நோட்டில் அவளே எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் சீட்டில் எழுதிக்கொடுத்தால் அது வீட்டில் சிக்கும்.

#21 பச்சை மை

பெட்டிச் சாவியை மட்டும் மறக்காமல் ஒப்படைப்புப் பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள் டீச்சர். மாறுதலில் போகிறவர் கைப்பையோடு சாவியும் போய், பெட்டி வருடம் முழுக்கத் திறக்காமல் கிடப்பது சகஜம்.